பெட்டி வீடு: அணைத்த சூடம்

அருள்பாண்டி ஈர வேட்டியோடு வந்து மதுரை விளாங்குடி வீட்டின் பின்கட்டில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவட்டக் கூடாது. பெட்டி தூக்கப் போகிறவன் உடம்பில் தண்ணீர் தானாகக் காய வேண்டும் என்பது முறை. அப்பா சுருளி கடைசி வருசம் வரைக்கும் அப்படித்தான் நின்றார்.

சுருளி இல்லாத முதல் மாசி இது.

"பாப்பா," என்று தங்கையைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை சொல்லு. அந்த ஆளு என் உடம்புல எங்கிட்டு இருக்கான்?"

தமிழ்ச்செல்வி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை அவளுக்கு. கணவனையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு இந்தச் சிவராத்திரிக்கென்றே லீவு போட்டு வந்திருந்தாள். இதே கேள்வி நேற்றும் வந்தது.

"தனியா ஒரு இடத்துல இல்லண்ணே. எல்லாத்துலயும் கலந்து கிடக்கு. அப்பாகிட்டருந்து உனக்குப் பாதி. அப்பாவுக்கு அவுக அய்யாகிட்டருந்து பாதி. அந்த அய்யாவுக்கு அவரைப் பெத்தவன்கிட்டருந்து பாதி. பாதியில பாதி, அதுல பாதி. எட்டுல ஒரு பங்கு."

"எட்டுல ஒண்ணுன்னா, ஒரு காலுல முழங்காலுக்குக் கீழ வருமா?"

"வரும்னு வச்சுக்க."

"இடது காலா இருக்கட்டும். அதுதான் ரொம்ப நாளா வலிக்குது."

அடுப்படியில் இருந்த நாகஜோதி, கணவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். விசயம் வெளியே போனது அவளால்தான். செக்கானூரணியில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம், "எங்க வீட்டுக்காரரோட பூட்டன் ஒரு வெள்ளைக்காரனாம்" என்று ஒரு வார்த்தை விட்டாள். பாயசம் வருவதற்குள் அது பேயாண்டியின் காதுக்குப் போய்விட்டது. பேயாண்டி சுருளிக்குப் பெரியப்பா மகன். அருள்பாண்டிக்குச் சித்தப்பா முறை. பெட்டி தனக்குத்தான் வரவேண்டும் என்று நெடுங்காலமாகக் காத்துக்கொண்டிருப்பவர்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பங்காளிகள் பலருக்குக் குலசாமி குடியிருப்பது கோயிலில் இல்லை. பிரம்புப் பெட்டியில். சாமியின் கச்சை, சலங்கை, அரிவாள் எல்லாம் அதற்குள் இருக்கும். வருசம் முழுக்கப் பெட்டி வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் இருந்துவிட்டு மாசிச் சிவராத்திரிக்குத்தான் வெளியே வரும். தலையில் தூக்குகிறவன் கையால் பிடிக்கக் கூடாது. சாமி அவன்மேல் ஏறினால் பெட்டி தானாக நிற்கும் என்பார்கள். தூக்கும் உரிமை அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும்.

கரட்டூர்ப் பங்காளிகள் கும்பிடும் கருப்பசாமியின் பெட்டியை அடுத்து யார் தூக்குவது என்று இன்று உச்சிப் பூசையில் முடிவாகும். அருள்பாண்டி தூக்குவார் என்றுதான் ஊரே நினைத்திருந்தது, போன வாரம் வரைக்கும்.

"எல்லாம் என் நாக்கால வந்தது," என்றாள் நாகஜோதி.

"உன் நாக்குல பாதிதான் மதினி. மீதி என் குழாயில."

போன லீவில் தமிழ்ச்செல்விதான் அண்ணனை ஒரு கண்ணாடிக் குழாயில் எச்சில் துப்பச் சொன்னவள். எச்சிலில் நம் உடம்பின் அணுக்கள் உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நாம் எப்படி உண்டானோம் என்பது நீளமான ஒரு வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களின் வரிசைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே சாயல் ஒத்துப் போகிறதோ அந்த ஊரைச் சொல்வார்கள். 'மூக்கைப் பார்த்தா இன்னார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கே' என்று சொல்வது போலத்தான். கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு.

அதிலும் ஒரு துண்டு மட்டும் எதோடும் கலக்காது. அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண் வழியிலேயே போகும். பெண்ணுக்கு அது கிடையாது. முடிவைப் படித்த அன்று தமிழ்ச்செல்வியைத் தூங்க விடாமல் செய்தது அதுதான். குலசாமி போகும் பாதையும் அதே பாதை. கல்யாணமானதும் பெட்டி வீட்டு வாசலில் நின்று கும்பிடும் உரிமை தனக்கு எப்படிப் போனதோ, அப்படி.

அருள்பாண்டியின் அந்தத் துண்டு அயர்லாந்தின் மேற்குக் கரையைச் சொன்னது. அதே துண்டு உள்ள ஒருவர் கால்வே பக்கத்தில் உயிரோடு இருந்தார். டெவனி என்று குடும்பப் பெயர். தன் தாத்தாவின் தம்பி ஒருவர் இந்தியாவுக்கு ரயில்வே வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று அவர் போனில் சொன்னார்.

"அந்த இங்கிலீஷ்காரன் நாசமாப் போக," என்றாள் நாகஜோதி.

"இங்கிலீஷ்காரன் இல்ல மதினி. ஐரிஷ்காரன்."

"வெள்ளையா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"டெல்லியில என்கூட ட்ரெயினிங் எடுத்த பிள்ளைக மதுரை, ஆந்திரா, கேரளா அம்புட்டுப் பேரையும் மதராசின்னுதான் சொல்லுவாளுக. கேட்டா உனக்குக் கோவம் வருமா வராதா?"

"வரும்."

"அதேதான் அவுகளுக்கும்."

அயர்லாந்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தமிழ்ச்செல்வி ஒரு கிழவரிடம், 'நீங்க இங்கிலீஷ் ஆளுதானே' என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவர் அவள் கையால் மாத்திரை வாங்கவில்லை. பிறகு கூட வேலை செய்கிறவள்தான் விளக்கினாள். இது பக்கத்துத் தீவு. பாசை வேறு, புனிதர்கள் வேறு. இங்கிலாந்து இவர்களை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டது. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து ஜனங்கள் வழியில் விழுந்து செத்தபோதும் இந்த மண்ணில் விளைந்த தானியம் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. தப்பித்தவர்களில் பல பேர் வயிற்றுக்காக அதே அரசாங்கத்திடமே வேலைக்குப் போனார்கள். பட்டாளத்துக்கு, போலீசுக்கு, ரயிலுக்கு. அதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னாள்.

"அப்ப அவனும் நம்ம மாதிரி அடங்கிக் கிடந்தவந்தான்," என்றார் அருள்பாண்டி.

"அங்க அடங்கிக் கிடந்தான். இங்க வாரப்ப தொரையாத்தான் வந்தான் அண்ணே."

அருள்பாண்டி தோளைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் காய்ந்துவிட்டது. "கிளம்புவோம்," என்றார்.

*

கார் நாகமலையைத் தாண்டியது. இடது பக்கம் கீழக்குயில்குடிச் சமண மலை வெயிலில் மொட்டையாகத் தெரிந்தது. வண்டியை அருள்பாண்டியே ஓட்டினார். பட்டினி வயிறு, சட்டையில்லாத மேல். சிக்னலில் பக்கத்து பைக்குக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"அங்க போயி நாலுகையைப் பத்தி வாயைத் திறக்காத பாப்பா," என்றார் திடீரென்று.

தமிழ்ச்செல்வி பின்சீட்டில் நிமிர்ந்தாள். அதைச் சொல்லத்தான் அவள் இரவெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் சலங்கைக்கும் அரிவாளுக்கும் அடியில் நாலுகை என்று ஒரு பொருள் உண்டு. கோரைப் புல்லில் பின்னியது. தை மாசத்தில் சுருளி கண்மாய்க் கரைக் கோரையை அறுத்து வரச் சொல்லிப் புதிதாக ஒன்று பின்னுவார். ஒரு கோரைத் தாளை நிறுத்திப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன்மேல் கோத்து, கால்வாசி திருப்பி, அடுத்ததை மடித்து இதன்மேல் கோத்து, மறுபடி திருப்பி... முடிச்சே கிடையாது. ஒவ்வொரு தாளும் முந்தினதைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு சதுரம் திரளும், நாலு பக்கமும் நாலு கை நீளும். நுனிகளில் மட்டும்தான் கட்டு. கருப்பனின் நாலு திக்குக் காவல் அது என்பார்கள். பழையது பெட்டி வீட்டு வாசல் நிலைக்கு மேலே போகும். பங்காளிகளில் வேறு எந்தக் கூட்டத்தின் பெட்டியிலும் இது கிடையாது என்பதில் கரட்டூர்க்காரர்களுக்கு அம்புட்டுப் பெருமை.

அறுத்த கோரையைச் சுமந்து வருவது சின்ன வயதில் தமிழ்ச்செல்வியின் வேலை. பின்னுவதற்குப் பெண்கள் தொடக் கூடாது.

அயர்லாந்தில் அவளுக்கு முதல் பிப்ரவரி வந்தது. ஒன்றாம் தேதி காலையில் வேலைக்குப் போனால், இல்லத்தில் ஒவ்வொரு அறையின் கதவுக்கு மேலேயும் நாலுகை. கோரையில், நடுவில் சதுரம், நாலு கை, நுனியில் கட்டு. புனித பிரிஜித்தின் நாளுக்கு அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பின்னிச் சொருகுவார்களாம், நெருப்பும் பசியும் உள்ளே வராதென்று. கதவு கதவாக நின்று பார்த்தாள். புல் எங்கேயும் முளைக்கும், நாலு கை யாருக்கும் தோன்றும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லித்தான் அத்தனை வருசம் கழிந்தது. கடைசியில் முடியாமல்தான் குழாய் வாங்கினாள்.

"அவுக என்ன கேப்பாக அண்ணே? வெள்ளைக்கார ரத்தம் பெட்டியைத் தொடலாமான்னுதானே? பெட்டிக்குள்ள இருக்கதே அவன் கை வேலைன்னா, அவுக வாய் அடைச்சிரும்ல?"

"அடைச்சிரும்." அருள்பாண்டி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அப்புறம் அந்தச் சனம் எதைக் கும்பிடும்? என்கிட்டருந்து பெட்டி போனாப் போகட்டும். சனத்துக்கிட்டருந்து சாமி போகக் கூடாது."

கார் செக்கானூரணியைத் தாண்டியது.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் நாகஜோதி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "முத்துத்தாய் மனசார இருந்தாளா, இல்லையா?"

முத்துத்தாய் தவசியின் மனைவி. பெட்டி தூக்கும் கொடி தவசியில்தான் தொடங்குகிறது. அவளுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பேயாண்டியின் அப்பா. இளையவர் சுருளியின் அப்பா. நிறமாக இருந்ததால் ஊர் அவரைச் செவத்தையா என்று கூப்பிட்டது. போடிக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் கரட்டூருக்கு வெளியே ஒரு தொரை கூடாரம் அடித்திருந்தான். எம்புட்டு நாள் இருந்தான் என்று யாருக்கும் தெரியாது.

அது பிறப்பாலேயே திருடர்கள் என்று சொல்லி வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டக் காலம். வயது வந்த ஆம்பளைகள் கட்டைவிரல் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் சாவடிக்குப் போய் அங்கேயேதான் படுக்க வேண்டும், திருடினாலும் திருடாவிட்டாலும். தவசியும் படுத்தான். ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"மனசாரத்தான் இருந்திருப்பா," என்றாள் தமிழ்ச்செல்வி. "கெடுத்தவன் பின்னுனதை யாராச்சும் வாசல் நிலையில சொருகி வைப்பாளா?"

"பயந்தவ வைப்பா," என்றாள் நாகஜோதி.

அதுவும் நடக்கும் என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியும். இந்த மண்ணில் செத்தவர்கள் சாமியாவதற்கு இரண்டு வழி. பிரியம் ஒன்று, பயம் ஒன்று. வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கும் நடுகல் உண்டு, வெட்டியவன் கும்பிடுவதற்கு.

செல்லம்பட்டி தாண்டி மண் பாதையில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிக் கார் போனது. அருள்பாண்டி வண்டியை நிறுத்தினார். உடைமரங்களுக்கு நடுவே ஒரு மேடு. தொரை மேடு, அந்தத் தொரையைப் புதைத்த இடம். பாம்பு கடித்துச் செத்தான் என்பார்கள், காலரா என்பார்கள். தவசியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள். உச்சிப் பொழுதில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. ஜல்லியில் பூட்ஸ் நடக்கிற சத்தம் கேட்குமாம்.

அருள்பாண்டி இறங்கி, ஒரு சுருட்டைப் பற்ற வைத்து மேட்டின் மேல் வைத்தார். சுருளி ஒவ்வொரு மாசியும் செய்தது. ஏன் என்று கேட்டால், "கேக்காம வைக்கணும்" என்பார்.

தமிழ்ச்செல்வி காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தரை நெளிந்தது. கானல் எப்படி உண்டாகிறது என்று அவளுக்குத் தெரியும். தரையை ஒட்டிய காற்று கொதிக்கிறது, மேலே உள்ளது அம்புட்டுக் கொதிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் வளைந்து, வானத்தைத் தரையில் காட்டுகிறது. தண்ணீர் போலத் தெரியும். ஒரு மரத்தூர் ஆள் போலத் தெரியும். எல்லாம் தெரியும் அவளுக்கு. ஆனால் உடைமர நிழலில் நின்ற அந்த உருவத்தின் தலை, காய்ந்த சோளத் தட்டையில் தீப்பிடித்தது போலச் சிவப்பாக இருந்தது. அது அருள்பாண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மதினி, அங்கிட்டுப் பாரு."

"எங்கிட்டு?"

சுருட்டுப் புகை ஒரு தரம் குறுக்கே போனது. பிறகு வெறும் நிழல்தான்.

அண்ணன் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வலது கையை வேட்டியில் துடைத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வைக்கிறப்ப சுருட்டை யாரோ வாங்குன மாதிரி இருந்துச்சு. காத்தா இருக்கும்," என்றார்.

காற்று அசையவே இல்லை.

*

கோயில் வாகை மரத்தடியில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். மரத்துக்குக் கீழே, பெட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த பெட்டி, சிவப்புத் துணி போர்த்தி, மாலை போட்டு இருந்தது. யாரைச் சபை சொல்கிறதோ அவர் அதைத் தலையில் ஏற்றிக் கோயிலை ஒரு சுற்று வர வேண்டும். இன்று ராத்திரி சிவராத்திரிப் பூசைக்கும் அவர்தான்.

"அக்கா." கூட்டத்தின் ஓரத்தில் சூரியபிரகாஷ் அவள் கையைப் பிடித்தான். பேயாண்டியின் ஒரே மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன மாசம்தான் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. ராத்திரி பஸ்ஸில் வந்தவனுக்குக் கண் சிவந்து கிடந்தது. "உங்ககூட ஒரு நிமிசம் பேசணும். அப்பா எந்திரிக்கிறதுக்கு முன்னால."

"சொல்லு தம்பி."

"இங்க வேண்டாம், அந்தப் பக்கம்..."

"டேய்! வெத்தலைத் தட்டை எடுத்தாடா!" பேயாண்டியின் குரல். பையன் ஒரு கணம் நின்று, தட்டை எடுக்கப் போனான்.

பேயாண்டி எழுந்தார். மெலிந்த ஆள், நேரான முதுகு. கத்தவில்லை. கத்தியிருந்தால் தமிழ்ச்செல்விக்கு அவரை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

"மகனே அருளு. உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. உங்கப்பன் பெட்டி தூக்குனப்ப முன்னால தீவட்டி பிடிச்சவன் நான். ஆனா எங்கய்யா சாகுற வரைக்கும் ஒண்ணையே கேட்டுக்கிட்டுக் கிடந்தாரு. 'மூத்தவன் நான் இருக்கையில எங்காத்தா ஏண்டா பெட்டியைத் தம்பிக்குக் குடுத்தா?' மூச்சு நிக்கிற வரைக்கும் அதேதான். அதுக்குப் பதில் இப்பத்தான் ஊருக்குள்ள நடமாடுது."

"சொல்லுங்க சித்தப்பா."

"நான் என்னத்தைச் சொல்ல? நீ சொல்லு. சூடம் ஏத்துறேன். 'நான் தவசி வித்து'ன்னு சொல்லி அணைச்சிட்டு, பெட்டியைத் தூக்கிட்டுப் போ. நான் காலுல விழுந்து கும்புடுறேன்."

பூசாரி பெட்டிக்கு முன்னால் ஒரு கல்லில் சூடத்தை வைத்து ஏற்றினார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது இந்தச் சீமையில் கோர்ட்டுக்கும் மேலே. கை சுடாது. சூடம் மேலாக எரிகிற சரக்கு, காற்றை அடைத்தால் நொடியில் அணைந்துவிடும், தணல் ஒட்டாது. ஒட்டுவது சொன்ன சொல்தான். பொய் சொல்லி அணைத்தால் அணைத்தவனை அது ஒன்றும் செய்யாது, அவன் பிள்ளைகளைத்தான் தேடிப் போகும் என்று நம்பிக்கை.

அருள்பாண்டி சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும். ரத்தத்தை யார் கண்டது, காகிதத்தில் வந்தது சத்தியமா என்று அத்தனை பேரும் அவருக்காகத் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். கூட்டத்திலிருந்து யாரோ, "அண்ணே, அணைச்சுட்டு வாங்கண்ணே, வெயிலு ஏறுது," என்றார்கள்.

தமிழ்ச்செல்விக்கு நாலுகை தொண்டைவரை வந்தது. அண்ணன் திரும்பி ஒரு தரம் அவளைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டாள்.

"நான் அணைக்க மாட்டேன் சித்தப்பா."

பூசாரி எரிகிற சூடத்தோடு இன்னொரு கட்டியைச் சேர்த்தார்.

"எங்கப்பனைப் பெத்தவரு தவசிக்குப் பொறக்கல. அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருந்தா அணைச்சிருப்பேன். எங்கப்பனுக்குத் தெரியாது, அவரு தூக்கினாரு, சாமியும் ஏறுச்சு. ஏன் ஏறுச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பொய் சொல்லி நான் தூக்க மாட்டேன்." பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆனா ஒண்ணு. நான் தவசி பேரைத்தான் சொல்லுவேன். வேற பேரு எனக்குத் தெரியாது."

நாகஜோதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பேயாண்டிக்கு வென்ற முகம் இல்லை. கண் கலங்கியிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"சபையில உண்மை சொன்னியே மகனே, அது பெரிசு. உன்கிட்டக் கேட்ட கேள்வி எனக்கும் உண்டுல்ல? நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது." கையை உயர்த்தினார். "கருப்பா! நான் தவசி வித்து. மூத்த கொடி. பொறக்கப் போற என் பேரப்பிள்ளை மேல ஆணை."

"அப்பா! வேண்டாம்!"

வெற்றிலைத் தட்டு கீழே விழுந்தது. சூரியபிரகாஷ் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினான்.

பேயாண்டியின் உள்ளங்கை இறங்கியது. சூடம் அணைந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டமும் கொஞ்சம் புகையும் மிஞ்சின.

குலவைச் சத்தம் எழும்பியது. இத்தனை வருசம் கழித்து மூத்த கொடிக்குப் பெட்டி வருகிறது என்று மகன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். அவன் அந்தக் கையை உதறிவிட்டு வந்து தமிழ்ச்செல்வியின் முன்னால் நின்றான்.

"நீங்க போன தடவை ரெண்டு குழாய் கொண்டாந்தீங்க அக்கா. ஒண்ணுல அண்ணன் துப்புச்சு. இன்னொண்ண நான் விளையாட்டுக்கு வாங்கிட்டுப் போனேன். மறந்துட்டீங்களா?"

அவள் மறந்துதான் போயிருந்தாள்.

"நேத்துதான் வந்துச்சு. அந்த அப்பன் வழித் துண்டு... அண்ணனோடது எதுவோ அதேதான் எனக்கும். அதே டெவனி."

"பங்கு? பங்கு எம்புட்டு?"

"அண்ணனுக்கு வந்த அதே அளவுதான்."

தமிழ்ச்செல்வி விரல் விடாமல் மனசுக்குள் எண்ணினாள். இவன், இவன் அப்பா பேயாண்டி, அவரைப் பெற்றவர், அவருக்கும் மேலே அந்த ஆள். பாதி, பாதியில் பாதி, எட்டில் ஒன்று. மூத்தவரும்தான். மூத்தவர் மாடு மேய்க்கப் போகிற வயதில்தான் செவத்தையா பிறந்தார் என்று அப்பா சொன்னது நினைவில் இருந்தது. அப்படியானால் ஒரு ராத்திரி இல்லை, ஒரு மாசம் இல்லை. தவசி சாவடிக்குப் போய்ப் படுத்த அத்தனை வருசமும். பயந்து திறந்த கதவா, விரும்பித் திறந்த கதவா, அத்தனை வருசமும் அது திறந்திருக்கிறது. தவசிக்குத் தெரியாமலா? இரண்டு பேரும் ஒருவனுக்கே பிறந்தவர்கள் என்றால், முத்துத்தாய் ஏன் ஒருவனை விட்டு ஒருவனிடம் பெட்டியைக் கொடுத்தாள்?

"நான் இப்பச் சொல்லிரட்டுமா அக்கா? சொன்னா அப்பா அணைச்சது பொய்யாயிரும். சொல்லலைன்னா..." பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எங்க வீட்டுல அவளுக்கு அடுத்த மாசம் டேட்டு."

தெரியாமல் செய்த சத்தியம் பொய்ச் சத்தியமா என்று அவன் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. இல்லத்தில் எத்தனையோ சாவுகளுக்குப் பக்கத்தில் நின்றவள். சூடம் ஒரு சரக்கு, சத்தியம் ஒரு சத்தம் என்று பகலில் யார் கேட்டாலும் சொல்லக்கூடியவள். இப்போது அந்தக் கல்லின் பக்கம் பார்க்க அவளால் முடியவில்லை.

பேயாண்டி குனிந்தார். இரண்டு பேர் பெட்டியை எடுத்து அவர் தலையில் ஏற்றினார்கள். கைகளை விட்டார். பெட்டி நின்றது. கூட்டம் "கருப்பா!" என்று ஒரே குரலில் கத்தியது. அவர் நடக்கத் தொடங்கினார். கண்கள் மூடியிருந்தன. அந்த முகத்தில் இருந்த நிம்மதியை, இந்த மனிதர் இத்தனை வயது வரைக்கும் சுமந்த அப்பாவின் கேள்வி இறங்கிப் போனதை, அவள் பார்த்தாள்.

ஒரு வாக்கியம் போதும். அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே ரத்தம்தான் என்று ஆகும். உண்மையைச் சொன்னவனுக்கே பெட்டி திரும்பி வரும். அந்த ஒரு வாக்கியமே, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் தலையில் போய் உட்காரும்.

அருள்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேட்டி முழுக்கக் காய்ந்துவிட்டது. கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

"தம்பி ஏன் அழுறான் பாப்பா?"

சூரியபிரகாஷ் அவளையே பார்த்தான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி.

அவர் நகரவில்லை. சின்ன வயதில் அவள் பொய் சொன்னால் எப்படி நின்று பார்ப்பாரோ, அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.